நூலின் நம்பரும் துணியின் இழைக்கணக்கும்: ஓர் அறிமுகம்

வேட்டிக் கடையில் ‘80-ஆம் நம்பர்’, ‘100-ஆம் நம்பர்’ என்கிறார்கள். படுக்கை விரிப்பின் உறையில் ‘300 டிசி’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். திருப்பூர்ச் சட்டைக்கு ‘180 ஜிஎஸ்எம்’ என்கிறார்கள். மூன்றுமே துணியைப் பற்றிய எண்கள்தாம், ஆனால் மூன்றும் அளப்பது வெவ்வேறு விஷயங்களை. முதல் எண் நூல் எவ்வளவு மெல்லியது என்பதைச் சொல்லும். இரண்டாவது எண், ஓர் அங்குலத்தில் எத்தனை இழை நெய்திருக்கிறது என்பதைச் சொல்லும். ஒரு சதுர மீட்டர் துணியின் எடை மூன்றாவது. இதில் எந்த எண்ணும் தனியாக நின்று ‘நல்ல துணி’ என்று சான்று தராது. ஆனால் மூன்றும் ஒன்றோடொன்று கணக்கால் கட்டுப்பட்டவை. இரண்டை நாமே அளந்துவிட்டால் மூன்றாவதைக் கண்டுபிடித்துவிடலாம், கடைக்காரர் சொன்னாலும் சொல்லாவிட்டாலும்.

நம்பர் என்றால் என்ன

பருத்தி நூலில் நம்பர் அல்லது கவுண்ட் என்பது, ஒரு பவுண்டு நூலில் எத்தனை சிட்டம் இருக்கிறது என்ற கணக்கு. ஒரு சிட்டம் 840 கஜம், அதாவது 768 மீட்டர். ஒரு பவுண்டு 453.6 கிராம். 40-ஆம் நம்பர் நூல் என்றால் ஒரு பவுண்டில் 40 சிட்டம், ஏறக்குறைய 30.7 கிலோமீட்டர் நீளம். 80-ஆம் நம்பரில் அதே எடைக்கு 61 கிலோமீட்டருக்கு மேல் கிடைக்கும். எடை மாறாமல் நீளம் கூடினால் நூல் மெலிந்தாக வேண்டும். எனவே நம்பர் ஏற ஏற நூல் மெல்லியதாகும். புதிதாக வருபவர்கள் முதலில் தடுமாறும் இடம் இதுதான்: பெரிய எண் என்றால் தடித்த நூல் இல்லை, மெல்லிய நூல்.

கிலோவில் கணக்குப் போட நம்பரை 1,693-ஆல் பெருக்கினால் ஒரு கிலோ நூலின் நீளம் மீட்டரில் வந்துவிடும். 40-ஆம் நம்பர் என்றால் கிலோவுக்கு 67,720 மீட்டர். இந்தக் கணக்கு நெசவாளருக்குக் காசு. 40 என்று சொல்லி வந்த நூல் உண்மையில் 38 ஆக இருந்தால் கிலோவுக்கு 64,300 மீட்டர்தான் தேறும். நூலை எடைக்கு வாங்கித் துணியை நீளத்துக்கு விற்பவருக்கு ஒவ்வொரு கிலோவிலும் மூன்றரைக் கிலோமீட்டர் நூல் குறைகிறது. அதனால்தான் மில்களில் 120 கஜம் நூலைச் சுற்றி எடுத்து எடை போட்டுப் பார்க்கிறார்கள். 64.8-ஐ அந்த எடையால் (கிராமில்) வகுத்தால் நம்பர் கிடைக்கும். 40-ஆம் நம்பருக்கு அந்த 120 கஜம் 1.62 கிராம் இருக்க வேண்டும்.

நம்பர் இரட்டிப்பானால் தடிமன் பாதியாகிவிடும் என்று நினைப்பது இயல்பு, ஆனால் அப்படி இல்லை. எடை நூலின் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே தடிமன் பாதியாக நம்பர் நான்கு மடங்காக வேண்டும். வழக்கமான பருத்தி நூலுக்கு எளிய சூத்திரம் உண்டு: நம்பரின் வர்க்கமூலத்தை 28-ஆல் பெருக்கினால், ஓர் அங்குலத்தில் இடைவெளியின்றி எத்தனை இழைகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கலாம் என்பது வரும். 20-ஆம் நம்பர் நூலின் விட்டம் சுமார் 0.20 மில்லிமீட்டர். 40-க்கு 0.14, 60-க்கு 0.12, 80-க்கு 0.10, 100-க்கு 0.09.

கடைசி இரண்டையும் பாருங்கள். 80-க்கும் 100-க்கும் இடையே மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான் வேறுபாடு. கை தடவிப் பார்த்து அதைச் சொல்வது பழகியவர்களுக்கே கடினம். விலையில் மட்டும் ஏன் அவ்வளவு தாவல்?

காரணம் பஞ்சில் இருக்கிறது. நூல் அறாமல் நூற்கப்பட அதன் குறுக்குவெட்டில் சுமார் 50 நார்களாவது இருக்க வேண்டும் என்பது நூற்பாலைகளின் பொதுவான கணக்கு. நடுத்தரப் பஞ்சு (நாரின் பருமனைக் காட்டும் மைக்ரோனேர் அளவு 4) கொண்டு 100-ஆம் நம்பர் நூற்றால் குறுக்குவெட்டில் 37, 38 நார்தான் இருக்கும், நூல் நிற்காது. மைக்ரோனேர் 3 அளவுக்கு மெல்லிய நார் கிடைத்தால்தான் 50 தேறும். நார் நீளமாகவும் இருக்க வேண்டும், குட்டை நார்களைச் சீவி வெளியேற்றவும் வேண்டும். இப்படிச் சீவிய நூலைத்தான் ‘கோம்டு’ என்கிறார்கள். கோயம்புத்தூரில் உருவாக்கப்பட்டு 1974-இல் வெளியான சுவின் ரகப் பருத்தி இந்த மிக உயர்ந்த நம்பர்களுக்காகவே பெயர் பெற்றது. ஆக, 100-ஆம் நம்பர் வேட்டிக்குக் கொடுக்கும் கூடுதல் விலையில் பெரும்பகுதி மெல்லிய, நீண்ட நாருக்கும் அதைச் சீவும் செலவுக்கும் போகிறது. அந்த நார்தான் துணிக்கு வழவழப்பையும் மினுமினுப்பையும் தருகிறது. நம்பர் அதற்கு ஒரு மறைமுகமான அடையாளம் மட்டுமே.

முறுக்கையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ஒரே நம்பரில் இரண்டு நூல்கள் கைக்கு வேறு வேறாகத் தெரிவதற்கு முறுக்குதான் காரணம். தறியில் பாவாக, அதாவது துணியின் நீளவாக்கில், ஓடும் 40-ஆம் நம்பர் நூலுக்கு அங்குலத்துக்கு 26 முறுக்கு போல இருக்கும். பனியன் பின்னும் 40-ஆம் நம்பருக்கு 22, 23 போதும். பாவு நூல் இழுவிசையையும், இழைகளைக் கோக்கும் சீப்பு போன்ற அச்சின் உரசலையும் தாங்க வேண்டும். பனியன் நூலுக்கு அந்தப் பாடு இல்லை, அது மென்மையாக இருந்தால் போதும். பனியன் நூலை மலிவாகக் கிடைத்ததென்று பாவில் ஓட்டினால் இழை அறுந்துகொண்டே இருக்கும்.

2/80 என்று எழுதியிருந்தால்

இது 80-ஆம் நம்பர் நூல் இரண்டைச் சேர்த்து முறுக்கியது. எடைக்கும் தடிமனுக்கும் இதை 40-ஆம் நம்பராகக் கணக்கிட வேண்டும். ஒற்றை 40-ஐ விட இது சீராகவும் வலுவாகவும் இருக்கும், ஏனென்றால் ஒரு நூலில் மெலிந்த இடத்தை மற்றது ஈடுசெய்யும். விலையும் அதிகம். எனவே 2/80 சட்டைத் துணியை ‘80-ஆம் நம்பர்’ என்று விற்பது பாதி உண்மை. நூற்றது 80-தான், துணியில் இழையாக நிற்பது 40-இன் தடிமன்.

வேட்டியில் ஒரு குழப்பம் உண்டு. ‘டபுள் வேட்டி’ என்றால் இரட்டை நூல் என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது எட்டு முழ வேட்டியைக் குறிக்கும் சொல், நூலோடு தொடர்பில்லை. நாலு முழ வேட்டியும் இரட்டை நூலில் வரலாம், எட்டு முழ வேட்டி ஒற்றை நூலில் வரலாம்.

மற்ற நூல்களுக்கு மற்ற அளவைகள். லினன் நூலை 300 கஜத்தை (ஒரு ‘லீ’) அலகாக வைத்து எண்ணுகிறார்கள். அதனால் ‘60 லீ லினன்’ பருத்திக் கணக்கில் 21-ஆம் நம்பர் தடிமன்தான். 60-ஆம் நம்பர் பருத்திச் சட்டை போல் மெல்லியதாக இருக்கும் என்று எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றமாக இருக்கும். கதரில் ஒரு கிலோவுக்கு எத்தனை ஆயிரம் மீட்டர் என்பதே நம்பர், அதை 1.69-ஆல் வகுத்தால் மில் நம்பர் கிடைக்கும். பட்டும் பாலியஸ்டரும் டெனியரில் போகும்: 9,000 மீட்டர் நூலின் எடை கிராமில். இது நேர் எதிர்த் திசை. எண் கூடினால் நூல் தடிக்கும். 5,315-ஐ டெனியரால் வகுத்தால் பருத்தி நம்பர் வரும். 150 டெனியர் பாலியஸ்டர் ஏறக்குறைய 35-ஆம் நம்பர். டெக்ஸ் என்ற அளவையும் டெனியரைப் போன்றதே, ஆனால் 1,000 மீட்டருக்கு, 590.5-ஐ டெக்ஸால் வகுத்தால் நம்பர்.

அங்குலத்துக்கு எத்தனை இழை

நெய்த துணியில் நீளவாக்கில் ஓடுவது பாவு, குறுக்கே போவது ஊடை. ஓர் அங்குல அகலத்தில் உள்ள பாவு இழைகளையும் ஓர் அங்குல நீளத்தில் உள்ள ஊடை இழைகளையும் தனித்தனியாக எண்ணுவார்கள். விசைத்தறிக்காரர்களும் காடா துணி வியாபாரிகளும் இதை ‘40 × 40 / 133 × 72’ என்ற வடிவில் எழுதுவார்கள். முதல் இரண்டு எண்களும் பாவு, ஊடை நூல்களின் நம்பர். பின்னிரண்டும் அங்குலத்துக்குப் பாவு 133, ஊடை 72. இது பாப்ளின். ‘60 × 60 / 92 × 88’ என்றால் மெல்லிய கேம்ப்ரிக் வகை. ‘20 × 20 / 60 × 60’ கெட்டியான விரிப்புத் துணி. காயத்துக்குக் கட்டும் காஸ் துணி ‘40 × 40 / 19 × 15’. பாப்ளினும் காஸும் ஒரே 40-ஆம் நம்பர் நூல்தான். ஒன்றில் சட்டை தைக்கலாம், மற்றதில் கண்ணை வைத்தால் எதிரே உள்ளது தெரியும். நம்பரை மட்டும் கேட்டுத் துணி வாங்குவது எவ்வளவு அரைகுறையானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பாவு இழைகளின் நெருக்கத்தை முடிவு செய்வது தறியின் அச்சு. அச்சு எண் என்பது இரண்டு அங்குலத்தில் உள்ள பற்களின் எண்ணிக்கை; பல்லுக்கு இரண்டு இழை கோத்தால், 80-ஆம் அச்சில் அங்குலத்துக்கு 80 பாவு. ஆனால் தறியிலிருந்து இறங்கியதும் துணி அகலத்தில் சுருங்கும், அதனால் முடிந்த துணியில் எண்ணினால் 83, 85 என்று கூடுதலாக வரும். அச்சு எண்ணையும் துணி எண்ணையும் ஒன்றாக நினைத்துத் தகராறு செய்ய வேண்டியதில்லை.

‘டிசி’ என்பது பாவு, ஊடை இரண்டையும் கூட்டிய எண். 110 × 90 என்றால் 200. அவ்வளவுதான். கூட்டும்போது ஒரு முக்கியமான செய்தி தொலைந்துபோகிறது: 150 × 50-உம் 200, 100 × 100-உம் 200. முதலாவது ஒரு பக்கம் கெட்டியாகவும் மறு பக்கம் இழுத்தால் விலகக்கூடியதாகவும் இருக்கும். தையல் ஓரத்தில் இழை நழுவுவது இந்த மாதிரித் துணியில்தான்.

1000 டிசி எப்படி வருகிறது

முன்பு சொன்ன 28 சூத்திரத்தை வைத்து உச்ச வரம்பைக் கணக்கிடலாம். 60-ஆம் நம்பரில் அங்குலத்துக்குப் பக்கத்தில் பக்கத்தில் 217 இழை அடங்கும். சாதா நெசவில் ஒவ்வொரு பாவு இழைக்கு இடையிலும் ஊடை ஏறி இறங்குகிறது. ஊடை நுழைந்து செல்ல இடம் வேண்டும். அதனால் பாவும் ஊடையும் சமமாக இருந்தால் திசைக்கு 108, மொத்தம் 217 தான் வசதியாக அடங்கும். நூல் நசுங்கும் என்பதாலும், பாப்ளினில் போல ஒரு திசையை மட்டும் நெருக்கலாம் என்பதாலும் இதற்கு ஓரளவு மேலேயும் போகலாம். ஐந்து இழை சாட்டின் நெசவில் ஏறி இறங்குவது குறைவு, இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படுக்கும். அதில் 60-ஆம் நம்பருக்கு 310 வரை, 100-ஆம் நம்பருக்கு 400 வரை வரும். 300-க்கு மேல் டிசி சொல்லும் விரிப்புகள் பெரும்பாலும் சாட்டினாக இருப்பது இதனால்தான்.

இதே கணக்கில் ஒற்றை இழைகளை எண்ணி 1000 வர வேண்டுமானால், சாட்டினிலேயே 625-ஆம் நம்பர் நூல் வேண்டும். அப்படியொரு நூலில் விரிப்பு நெய்து யாரும் கடைக்கு அனுப்புவதில்லை. அப்புறம் எண் எங்கிருந்து வருகிறது? ஒரு வழி, இரட்டை நூலில் உள்ள ஒவ்வொரு புரியையும் தனி இழையாக எண்ணுவது. 250 இரட்டை இழைகள் 500 ஆகிவிடும். இன்னொரு வழி, தறியில் ஒரு முறை பாவு திறக்கும்போது ஒரே ஊடைக்குப் பதிலாக நான்கு, ஆறு என்று மெல்லிய ஊடைகளைச் சேர்த்து விட்டு, அத்தனையையும் எண்ணுவது. இரண்டாவது வழியில் இழைகள் உண்மையாகவே இருக்கின்றன, ஆனால் பிணைப்பு இல்லாமல் கொத்தாகக் கிடக்கின்றன. அதனால் எண்ணிக்கை ஏறிய அளவுக்குத் துணி வலுப்பெறுவதில்லை.

ஏஎஸ்டிஎம் என்ற தர அமைப்பின் டி3775 சோதனை முறையில், எத்தனை புரி முறுக்கியிருந்தாலும் ஒரு நூல் ஓர் இழைதான். புரிகளைத் தனித்தனியே எண்ணிப் போடுவது வாங்குபவரைத் தவறாக வழிநடத்தக்கூடும் என்று அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் அலுவலர்கள் 2005-இல் ஒரு கடிதத்தில் விளக்கினார்கள். இந்தியாவில் இழை எண்ணும் முறைக்கு ஐஎஸ் 1963 என்ற எண்ணுள்ள தரக்குறிப்பு உண்டு. நம் ஊர் வெயிலுக்கும் வாரந்தோறும் துவைப்பதற்கும் 40 முதல் 60-ஆம் நம்பர் வரை கோம்டு ஒற்றை நூலில், சாதா நெசவில், 180 முதல் 250 டிசி உள்ள விரிப்பு போதும் என்பதே எங்கள் உறுதியான கருத்து. காற்று உள்ளே போகும், நகமோ கொலுசோ உரசினால் இழை எழும்பாது. சாட்டின் பார்க்க அழகு, தொட வழவழப்பு. ஆனால் மேலே நீளமாகக் கிடக்கும் இழைகள் சிக்கி இழுபடும், குழந்தைகள் உள்ள வீட்டில் சீக்கிரம் தெரிந்துவிடும்.

பாலியஸ்டர் மைக்ரோஃபைபர் விரிப்புகளில் 1500, 1800 என்று எழுதியிருப்பதைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம். அங்கே ஒரு நூலுக்குள் பல பத்து மெல்லிய இழைகள் இருக்கும்; அந்த எண்ணைப் பருத்தியோடு ஒப்பிட வழியில்லை.

வீட்டில் சோதிப்பது

சதுர மீட்டர் எடைக்கு மனத்தில் வைத்துக்கொள்ளக்கூடிய கணக்கு இது: மொத்த இழை எண்ணிக்கையை 25-ஆல் பெருக்கி நூல் நம்பரால் வகுக்கவும். இழைகள் நேராகக் கிடந்தால் 23.25 என்று வரும். ஏறி இறங்கும் வளைவுக்காக ஏழெட்டு சதவீதம் சேர்த்து 25. 40-ஆம் நம்பர், 110 × 90 விரிப்பு என்றால் 200 × 25 ÷ 40 = 125 கிராம். பாவும் ஊடையும் வேறு நம்பர் என்றால் இரண்டையும் தனித்தனியே போட்டுக் கூட்டவும்.

‘400 டிசி, பருத்தி’ என்று எழுதிய 90 × 100 அங்குல விரிப்பு ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 5.8 சதுர மீட்டர். சமையலறைத் தராசில் 725 கிராம் காட்டினால் சதுர மீட்டருக்கு 125 கிராம். 400 உண்மையென்றால் நூல் 80-ஆம் நம்பராக இருக்க வேண்டும். 80-ஆம் நம்பர் விலைக்கு அது விற்கிறதா என்று பார்ப்பது முதல் தடயம். அடுத்து எண்ண வேண்டும். எண்ணியதில் 200 வந்தால், நூல் 40-ஆம் நம்பர்; உறையில் உள்ள எண் புரி எண்ணியோ வேறு வகையிலோ இரட்டிப்பானது.

எண்ணுவதற்குப் பிக் கிளாஸ் என்ற ஓர் அங்குலச் சாளரம் உள்ள மடக்குக் கண்ணாடி போதும், விலை குறைவுதான். துணியை இழுக்காமல் மேசையில் விரித்து, கண்ணாடியின் விளிம்பை ஓர் இழையோடு சரியாக ஒட்டி வைத்து, ஊசி முனையால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ண வேண்டும். கோணலாக வைத்தால் எண்ணிக்கை கூடும் அல்லது குறையும். கரைக்கு அருகில் எண்ணக் கூடாது. அங்கே பாவு நெருக்கமாக இருக்கும். வெவ்வேறு இடங்களில் ஐந்து முறை எண்ணிச் சராசரி எடுக்கவும், ஒவ்வொரு முறையும் வேறு இழைகள் வரும்படி. பிக் கிளாஸ் இல்லாதவர்கள் துணிமேல் அளவுகோலை வைத்துக் கைபேசியில் நெருங்கிய படம் எடுத்து, 2 சென்டிமீட்டரில் உள்ள இழைகளை எண்ணி 1.27-ஆல் பெருக்கலாம்.

நூலின் நம்பரை நேரடியாகவும் பார்க்கலாம். சரியாக 50 சென்டிமீட்டர் நீளத்தில் வெட்டிய துணியிலிருந்து 100 இழைகளை உருவி எடுத்து, 0.01 கிராம் காட்டும் தராசில் வைக்கவும். நீளத்தை (மீட்டரில்) 0.59-ஆல் பெருக்கி எடையால் (கிராமில்) வகுத்தால் நம்பர். 50 மீட்டர் நூல் 0.74 கிராம் இருந்தால், 29.5 ÷ 0.74, ஏறக்குறைய 40. இங்கே பலரும் தவறுவது நீளத்தில். துணியில் வளைந்து கிடந்த இழையை நீட்டினால் 50 சென்டிமீட்டர் 52, 53 ஆகும். நாலைந்து இழைகளை வளைவு போகும் அளவுக்கு மட்டும் நிமிர்த்தி அளந்து, அந்த நீளத்தையே கணக்கில் போட வேண்டும். பாவையும் ஊடையையும் கலந்து எடை போடக் கூடாது.

புதுத் துணியில் கஞ்சி எடையை ஏற்றிக் காட்டும். கஞ்சி போட்ட வேட்டியை அப்படியே நிறுத்தால் நூல் உண்மையில் இருப்பதைவிடத் தடித்ததாகத் தோன்றும். வெந்நீரில் நன்றாக அலசி, முழுதாகக் காயவிட்டு நிறுக்கவும். மழைநாளில் பருத்தி ஈரம் வாங்கிக் கூடுதல் எடை காட்டும் என்பதால் வறண்ட நாள் நல்லது. இத்தனையும் பார்த்த பிறகும் கணக்கில் ஐந்து சதவீதம் முன்பின் வருவது இயல்பு. 40 என்று சொன்னது 39 அல்லது 41 என்று வந்தால் சண்டைக்குப் போக வேண்டாம். 34 வந்தால் கேட்கலாம்.

பின்னல் துணிக்கு இந்த இழை எண்ணிக்கை பொருந்தாது, அங்கே பாவும் ஊடையும் இல்லை, வளையங்கள்தாம். அதனால்தான் திருப்பூரில் நூல் நம்பரையும் ஜிஎஸ்எம்மையும் மட்டும் பேசுகிறார்கள். சாதாரண சிங்கிள் ஜெர்சியில் 30-ஆம் நம்பர் நூல் 140 முதல் 160 ஜிஎஸ்எம் வரை நன்றாக அமையும், 24-ஆம் நம்பர் 180-க்கு, 20-ஆம் நம்பர் 200-க்கு. மெல்லிய நூலை வைத்துக்கொண்டு அதிக ஜிஎஸ்எம் கேட்டால் வளையத்தைச் சுருக்கிப் பின்ன வேண்டும், துணி விறைப்பாகிவிடும். தடித்த நூலில் குறைந்த ஜிஎஸ்எம் கேட்டால் வளையம் தளர்ந்து, இரண்டு முறை துவைத்ததும் சட்டை குறுகி அகலும். ஜிஎஸ்எம் அளவைத் துவைப்பதற்கு முன்னும் பின்னும் எடுக்கவும். நீளத்திலும் அகலத்திலும் ஐந்து சதவீதம் சுருங்கினாலே 180 ஜிஎஸ்எம் துணி ஏறக்குறைய 200 ஆகிவிடும், நூல் ஒரு கிராம் கூடாமலேயே.